பிசின் காத்த ஊர்: கியோஸ் தீவின் பிர்கியில் எங்கள் வாழ்வு

கப்பல் தொழிலுக்குப் பெயர்பெற்ற கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்கு, கப்பல் பொறியாளர் ஒருவரை மணந்து தூத்துக்குடியிலிருந்து நான் வந்தேன். துருக்கிக் கரைக்கு மிக அருகில், ஏஜியன் கடலில் இருக்கிறது இத்தீவு. அதன் தென்பகுதியில் மஸ்திகா ஊர்கள் எனப்படும் கிராமங்களுள் பெரியதான பிர்கியே என் கணவரின் ஊர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்ற பெயரில் அறியப்படும் பிசினான மஸ்திகா இங்குள்ள மரங்களில் வடிவதுதான்.

இந்தப் பிசினே ஊரின் வடிவத்தையும் தீர்மானித்தது. 1346இல் தீவைக் கைப்பற்றிய, இத்தாலியின் ஜெனோவா நகர வணிகர்கள், கடற்கொள்ளையரிடமிருந்து பிசினையும் அதை எடுக்கும் மக்களையும் காக்க இவ்வூர்களைக் கோட்டைபோல் அமைத்தார்கள். வெளிப்புற வீடுகளின் முதுகுச் சுவர்களே மதிலாயின. நடுவில் காவற்கோபுரம் எழுந்தது. காவல் மிகுந்த இந்த ஏற்பாட்டில் விளைச்சலின் மீது மக்களுக்கு உரிமை இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1566இல் துருக்கிய ஒட்டோமான் ஆட்சி வந்த பின்னரும் பிசின் வரியாகச் சென்றுகொண்டிருந்தது. 1822இல் ஒட்டோமான் படைகளால் தீவில் பல்லாயிரவர் கொல்லப்பட்டபோது, சுல்தானின் அரண்மனைக்கு மஸ்திகா தேவைப்பட்டதால் இக்கிராமங்கள் பெருமளவு தப்பின. 1912இல்தான் கியோஸ் கிரேக்கத்துடன் இணைந்தது.

வேலையை என் மாமியாரிடம் கற்றேன். கோடை தொடங்கும்போது மரத்தடியைக் களைந்து, பெருக்கி, சமன்செய்து, சலித்த வெண்மண்ணைப் பரப்புவோம். விழும் பிசினில் அழுக்கு ஒட்டாமல் இருக்கவும் அது நன்கு உலரவும் அந்த மண் உதவுகிறது. ஜூலையில் கூரிய சிறு கருவியால் தண்டிலும் தடித்த கிளைகளிலும் பட்டையைக் கீறுவோம். ஆழமாகக் கீறினால் மரம் நோகும் என்று மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். கசியும் பிசின் இறுகுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். இடையில் மழை பெய்தால் தரம் கெட்டுவிடும். ஒரு மரம் ஆண்டுக்குச் சராசரியாக 200 கிராமுக்கும் குறைவாகவே தரும் என்று அறிந்தபோது, அதன் விலையைப் பற்றிய என் வியப்பு அடங்கியது.

ஆனால் என்னை இவ்வூர்க்காரியாக்கியது குளிர்காலம்தான். சேகரித்ததைச் சலித்து, கழுவி, உலர்த்திய பின், பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, சிறு கத்தியால் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் பட்டையையும் சுரண்டி எடுப்பார்கள். கிரேக்க மொழியை நான் வகுப்பறையைவிட அந்த மேசையில்தான் அதிகம் கற்றேன். யார் வீட்டில் பிணி, யாருக்குக் கலியாணம் என்று பேச்சு ஓட, கை ஓயாது. இந்த அறிவையே யுனெஸ்கோ 2014இல் மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது.

பிர்கியின் வீட்டு முகப்புகள் தனி அழகு. கருமணல் கலந்த சாந்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மேற்பூச்சைச் சுரண்டி முக்கோணங்களும் சாய்சதுரங்களும் வட்டங்களும் வரைகிறார்கள். இலையுதிர்காலத்தில் அச்சுவர்களின் முன் சிறுதக்காளிகளைக் கோத்துத் தோரணமாகத் தொங்கவிடுவார்கள்; குளிர்காலச் சமையலுக்கு அவை உதவும். ஆகஸ்ட் 15 அன்று, மரியன்னை திருநாளில், வெளிநாடு சென்ற உறவினர்கள் திரும்பிவர, சதுக்கம் முழுவதும் ஆடும்.

1938இல் உருவான உற்பத்தியாளர் கூட்டுறவே இன்று பிசினைச் சேகரித்து விற்கிறது. இடைத்தரகரிடம் சிக்காமல் சிறு விவசாயிகள் தழைத்திருக்க அதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2012 ஆகஸ்டில் பரவிய காட்டுத்தீ தெற்கு கியோஸின் மஸ்திகா தோப்புகள் பலவற்றை எரித்தது. கன்று நட்டுப் பிசின் எடுக்கவே ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும், முழு விளைச்சலுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். அப்போது தோப்பை இழந்த என் கணவரின் உறவினர்கள் மறுநடவு செய்த மரங்கள் இப்போதுதான் அந்நிலையை எட்டியுள்ளன. கோடையில் அவற்றைக் கீறுவதற்கு நாங்களும் போகிறோம்.