குரூப்பில் எண்ணிய வாக்குகள்

சங்கங்கள், கூட்டமைப்புகள், ஊழியர் அமைப்புகள் ஆகியவற்றுக்கு உள்தேர்தலும் தீர்மான வாக்கெடுப்பும் நடத்திக் கொடுப்பது என் வேலை. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும், வாக்குச்சீட்டின் வாசகத்தை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும், முகவர்கள் முன்னால் எண்ணி முடிவை அறிவிக்க வேண்டும். வாக்குப்பதிவு நாள்தான் இதில் சிரமமான நாள் என்று பலரும் நினைப்பார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது முடிவை அறிவித்த மறுநாள்தான் சிரமம்.

காரணம் உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குரூப். நாங்கள் பெட்டியைத் திறப்பதற்கு வெகு முன்பே அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்து முடிந்திருக்கும். யாரும் அதை நடத்தியதும் இல்லை, எண்ணியதும் இல்லை. ஆனாலும் முடிவு எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தொழில்முறைச் சங்கத்தில் சந்தா முறையை மாற்ற ஒரு தீர்மானம் வந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தா என்றிருந்ததை வருமானத்துக்கு ஏற்ற சந்தாவாக மாற்றலாம் என்பது யோசனை. தீர்மானத்தை குரூப்பில் போட்ட சில நிமிடங்களில், எல்லோரும் மதிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் "இது சங்கத்தைப் பிளக்கிற வேலை" என்று எழுதினார். அதன் கீழே கட்டைவிரல்களும் கூப்பிய கைகளும் வரிசையாக விழுந்தன. அடுத்து எழுதியவர்கள் எல்லோரும் அவருடைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள், தீர்மானத்தின் வாசகத்தை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. இளம் உறுப்பினர் ஒருவர் மட்டும், "சம்பளம் குறைவா இருக்கறவங்களுக்கு இது நல்லதுதானே?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை அழித்துவிட்டார். செய்தி நீக்கப்பட்டது என்ற சாம்பல் நிற வரி மட்டும் அங்கே நின்றது.

வாக்குப்பதிவுக்கு முன்பு தேர்தல் அலுவலகத்துக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வந்தன. "தோத்துடும்னுதான் தெரியுதே, நான் வந்து போட்டு என்ன ஆகப்போகுது?" என்றார் ஒருவர். இன்னொருவர், "நான் ஆதரவுதான். குரூப்ல வாயைக் கொடுத்து மாட்டிக்க வேணாம்னு இருந்துட்டேன்" என்றார். ரகசிய வாக்கெடுப்பில் அந்தத் தீர்மானம் ஜெயித்தது. மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. பக்கம் பக்கமாக அச்சடித்த ஸ்கிரீன்ஷாட்டுகள், மேலே ஒரே கேள்வி: "குரூப்ல அத்தனை பேர் வேண்டாம்னாங்களே, அப்புறம் எப்படி ஜெயிச்சுது?" முகவர்கள் முன்னால் மறு எண்ணிக்கை நடத்தினோம். அதே முடிவுதான் வந்தது. கேட்டவர்களில் சிலர் கடைசிவரை நம்பவில்லை.

அவர்கள் வீம்புக்குச் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்கள். அவர்கள் பார்த்த இடத்தில் எதிர்ப்பு மட்டும்தான் இருந்தது.

சமூக ஊடகம் மனிதர்களின் கருத்தையே மாற்றிவிடுகிறது என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். இந்த வேலையில் இருந்து பார்க்கும் எனக்கு வேறொன்று தெரிகிறது. ஒருவருடைய சொந்தக் கருத்து அவ்வளவு சீக்கிரம் அசைவதில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர் போடும் கணக்குதான் அடியோடு மாறுகிறது. 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்கள் சிலருக்கு, எது மேலே வர வேண்டும் என்று தளமே கணக்குப் போட்டு அடுக்கும் அல்காரிதம் வரிசையை எடுத்துவிட்டு, நேர வரிசையில் பதிவுகளைக் காட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதம் அப்படிக் காட்டியும் அவர்களுடைய அரசியல் நிலைப்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2023-இல் ஆய்வு முடிவு வெளியானது. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் சோதித்த ஆய்வு அது. இருந்தாலும் நான் கண்டதோடு அது பொருந்திப் போகிறது.

கணக்கு எங்கே தப்புகிறது? முதலில், பேசுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்தும் வயதுவந்தோர் போடும் ட்வீட்டுகளில் 80 சதவீதம், அவர்களில் 10 சதவீதம் பேரிடமிருந்தே வருகிறது என்று 2019-இல் அமெரிக்கக் கருத்துக்கணிப்பு அமைப்பான பியூ ஆய்வு மையம் சொன்னது. எந்த குரூப்பின் அட்மினைக் கேட்டாலும் இதே விகிதத்தைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்வார். அடுத்தது, பேசாதவர்களின் மௌனம். அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடென் அம்பலப்படுத்திய அரசுக் கண்காணிப்பைப் பற்றி நேரில் பேசத் தயார் என்ற அமெரிக்கர்கள் 86 சதவீதம். அதையே ஃபேஸ்புக்கிலோ ட்விட்டரிலோ எழுதத் தயார் என்றவர்கள், அவற்றைப் பயன்படுத்துகிறவர்களில் 42 சதவீதம்தான். இதுவும் பியூ மையத்தின் கணக்கு, 2014-இல் வந்தது. குரூப்பில் வாய் திறக்காதவருக்குக் கருத்தே இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவரோ எங்களுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுகிறார்.

மூன்றாவது, யார் முதலில் பேசுகிறார் என்பது. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ஒரு செய்தித் திரட்டித் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2013-இல் முடிவு வெளியானது. குலுக்கல் முறையில் தேர்ந்த சில பின்னூட்டங்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரே ஒரு ஆதரவு வாக்கை ஆய்வாளர்கள் தாங்களாகச் சேர்த்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. எதிர் வாக்கு சேர்த்தவற்றை மற்ற வாசகர்கள் ஆதரவு வாக்குப் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள், போலிப் பாராட்டை மட்டும் யாரும் சரிசெய்யவில்லை. ஒரு கை உயர்ந்ததே போதுமாக இருந்தது. அந்த மூத்த உறுப்பினரின் வரிக்கு விழுந்த முதல் கட்டைவிரலை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தைக் கேட்டு நடத்திய சோதனையில், அறையில் அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்த மற்ற எல்லோரும் சேர்ந்து தப்பாகச் சொன்னால், சோதிக்கப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தடவை தாமும் தப்பாகச் சொன்னார்கள். மற்றவர்களில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது, அப்படிக் கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அழிக்கப்பட்ட அந்த ஒற்றைக் கேள்வி நின்றிருந்தால், இன்னும் நாலு பேர் அதன் பக்கத்தில் வந்து நின்றிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

ரகசிய வாக்கு எதற்காக வந்தது என்பதையும் மறந்துவிட்டோம். பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுத்தான் வாக்கைச் சொன்னார். யார் யாருக்குப் போட்டார் என்று பெயரோடு புத்தகமாகவே அச்சிட்டார்கள். நிலக்கிழாரும் முதலாளியும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியக் குடியேற்றப் பகுதிகளான விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-இலேயே அச்சிட்ட வாக்குச்சீட்டைத் தனியாக, மறைவாகப் போடும் முறைக்கு மாறிவிட்டன. இன்று வாட்ஸ்அப் குரூப்பில் போடும் 'போல்' என்ற வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று பெயரோடு தெரிகிறது. சங்கச் செயலாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் அதைப் போடுகிறார்கள், "சும்மா ஒரு அபிப்பிராயம் தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்பார்கள். மேலாளரும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவரும் ஒரே போலில் பெயரோடு நிற்கும்போது அதை அபிப்பிராயம் என்று எப்படிச் சொல்வது?

தோற்றவர் "சரி, தோற்றுவிட்டேன்" என்று ஏற்றுக்கொள்வதில்தான் தேர்தல் நிற்கிறது. ஜெயித்தவரைச் சமாதானப்படுத்த யாரும் தேவையில்லை. தோற்றவரின் கையில், தான் ஜெயித்துக்கொண்டிருந்ததற்குச் சான்றாக ஒரு கட்டு ஸ்கிரீன்ஷாட் இருந்தால், பெட்டியைத்தான் சந்தேகிப்பார். நாடுகளின் தேர்தல்களிலும் இதே நியாயம் கேட்கிறது: "எங்கள் கூட்டத்தைப் பாருங்கள், எங்கள் வீடியோவுக்கு வந்த பார்வைகளைப் பாருங்கள், நாங்கள் எப்படித் தோற்றிருப்போம்?"

இதற்காக எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலன்று ஃபேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்கு, வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகங்களோடு ஒரு நினைவூட்டலைக் காட்டியது. அதனால் சுமார் 3,40,000 வாக்குகள் கூடுதலாகப் பதிவாகியிருக்கும் என்று 2012-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தைவானில் 2015-இல், ஊபர் வாடகைக் கார் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற விவகாரத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோனபோது பயன்படுத்திய மென்பொருளில், அடுத்தவர் கூற்றுக்கு ஒப்புதல், மறுப்பு, தாண்டிப்போவது மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். பதில் எழுதவே வழி கிடையாது. சண்டைக்கு இடமில்லாமல் போனதும், எதிரெதிர்த் தரப்புகள் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் கூற்றுகள் மேலே வரத் தொடங்கின. குரூப்பிலும் சரி, இந்த இடங்களிலும் சரி, மனிதர்கள் மனிதர்கள்தான். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்ற முடிவுதான் வித்தியாசம்.

இப்போது வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ஒரு நிபந்தனை வைக்கிறேன். அறிவிப்பு வந்த நாளிலிருந்து எண்ணிக்கை முடியும்வரை அந்தத் தீர்மானத்தைப் பற்றி எந்த குரூப்பிலும் நிர்வாகிகள் பெயர் தெரியும் வாக்கெடுப்பு நடத்தக் கூடாது. கூடவே, விரும்புகிறவர்களின் கேள்விகளை எங்களிடம் பெயரில்லாமல் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், வந்த வரிசையைக் கலைத்து வெளியிடுகிறோம். ஒரு சங்கத்தின் தலைவர் இதைக் கேட்டதும் கோபப்பட்டார். "உறுப்பினர்கள் வாயை நீங்க கட்டப் பாக்குறீங்களா?" என்றார். பேச்சுக்குத் தடை இல்லை, இரவு பகலாகப் பேசட்டும், பெயர் போட்ட எண்ணிக்கை மட்டும் வேண்டாம் என்றேன். பொதுக்குழுவில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். பொதுக்குழுவில் அதைக் கைதூக்கச் சொல்லித்தான் கேட்டார்கள்.