பழைய பிளைவுட் வள்ளம்: மேல்தட்டை உரித்து ஒட்டிய கதை

ஃபைபர் போர்த்திய மர வள்ளத்தில், எப்போதும் தண்ணீரில் கிடக்கும் அடிப்பாகம்தான் முதலில் கெடும் என்று நினைப்போம். நடப்பது வேறு. பெரும்பாலும் மேல்தட்டுதான் முதலில் போகும். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் அவ்வளவாக ஆகாது, மழைத்தண்ணீர் என்றால் கொண்டாட்டம். மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்கி, நம்மூர்ச் சூடும் சேர்ந்தால் அது வேலையை ஆரம்பித்துவிடும். மேலே ஃபைபர் மூடியிருப்பதால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியும் கிடையாது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பலகை காப்பித்தூளாகக் கிடக்கும்.

என்னுடையது மணக்குடிக் காயலில் தூண்டில் போட வாங்கிய சின்ன வள்ளம். அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், மேல்தட்டு, அதன் நடுவே சாமான் வைக்க ஒரு மூடி, மற்றபடி திறந்த வள்ளம். பிளைவுட்டை வெட்டி, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் ஃபைபர் பட்டை ஒட்டிக் கட்டியது. குமரிக் கரையிலும் தெற்குக் கேரளத்திலும் 1980-களில் இந்த வகை நன்றாகப் பரவியது. வள்ளம் குடைய ஏற்ற பெரிய மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிய காலம் அது. இங்கிலாந்தில் 1960-களில் மிர்ரர் என்ற சின்னப் பாய்ப்படகை இதே தையல் முறையில் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டிலேயே கட்டிக்கொண்டார்கள். சோழமண்டலக் கரையில் மசூலாப் படகைக் கயிற்றால் தைத்த கைகளுக்கு இது பெரிய புதுமையாகத் தெரிந்திருக்காது.

மாசியில் வேலையைத் தொடங்கினேன். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடுவில் சித்திரையில் இடிமழை வேறு. ஃபைபர் வேலைக்கு மாசி, பங்குனியை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் மேல்தட்டு முழுக்கச் சாணுக்குச் சாண் தட்டினேன். நல்ல இடத்தில் சத்தம் இறுக்கமாக, சுருக்கமாக வரும். ஃபைபர் மரத்தை விட்டுக் கழன்ற இடத்தில் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். பொள்ளல் கேட்ட இடங்களையெல்லாம் சாக்பீசால் வளைத்துக்கொண்டே வந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லா வட்டங்களும் துளைகளைச் சுற்றியே விழுந்தன. நங்கூரக் கயிறு கட்டும் கட்டையின் ஆணிகள், மூடியின் கீல், ஓரச் சட்டத்தின் திருகாணிகள் என்று எல்லாம் துளை உள்ள இடம். துளையில்லாத நடுப்பகுதி பெயின்ட் வெடித்துக் கிடந்தாலும் கல் மாதிரி இருந்தது. மேல்தட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெயின்ட் கடைசி வேலை. துளைகள்தான் முழு வேலையும்.

முன்பு வைத்திருந்தவர் திருகாணித் தலைகளின் மேல் சிலிக்கானைப் பிதுக்கி வைத்திருந்தார். பாத்ரூமுக்கு அது சரி. வள்ளத்தில் கொஞ்ச நாளில் ஓரம் விட்டுவிடும், அது பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது. பிளேடால் சீவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மணல்தாள் போட்டு, மறுபடியும் துடைக்க வேண்டியிருந்தது.

அடுத்தது உரிப்பு. பழைய ஃபைபரைப் பாலியெஸ்டர் ரெசினில், அதாவது இழையை ஊறவைத்து இறுகும் பிசினில், போட்டிருந்தார்கள். ஃபைபர் மேல் ஃபைபர் போட அது நல்ல ரெசின். மரத்தின் மேல் அதன் பிடி குறைவு. இறுகும்போது கணிசமாகச் சுருங்குகிற சரக்கு, அந்த இழுவிசையும் ஒட்டில்தான் போய் விழும். ஹீட் கன்னைக் காட்டி, அகல உளியை மெதுவாக நுழைத்தால் பொள்ளல் இடங்களில் முழம் முழமாக உரிந்து வந்தது. பிடித்திருந்த இடங்களை கிரைண்டரில் 40-ஆம் நம்பர் டிஸ்க் போட்டுத்தான் எடுத்தேன். இந்த வேலைக்கு முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க் மூன்றும் கட்டாயம். கர்ச்சீப் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போகிற விஷயம் இது. தோலில் பட்டால் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரில் கழுவினாலே பாதி அரிப்பு அடங்கிவிடும்.

ஃபைபர் போன பிறகு ஸ்க்ரூ டிரைவர் முனையால் மரத்தைக் குத்திப் பார்த்தேன். கயிற்றுக்கட்டை இருந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு முனை தடையே இல்லாமல் இறங்கியது. பிளைவுட்டின் மேல் ஏடு தாளாகப் பிரிந்து வந்தது. அதன் கீழே பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகிற மரம். ஆணியின் தண்டு நடுவில் துருப்பிடித்து ஊசி அளவுக்கு மெலிந்திருந்தது. தலை மட்டும் மேலே புதுசாக இருந்தது.

அதை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் காய விட்டேன். வெயிலில் போட்டால் போதும் என்று தோன்றும், ஆனால் நேர் வெயிலில் மேல் ஏடு மட்டும் காய்ந்து வெடிக்கும். ஓலைக் கொட்டகை நிழலில் வைத்து, கீழிருந்தும் காற்றுப் போகிற மாதிரி கட்டைமேல் ஏற்றி வைப்பதுதான் நல்லது. காய்ந்ததா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கண்ணாடிப் பாலிதீன் துண்டை மரத்தின் மேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, வெயில் படுகிற மாதிரி கொஞ்ச நேரம் விட வேண்டும். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பங்குனி பாதிவரை எனக்கு வேர்த்துக்கொண்டேதான் இருந்தது.

அந்த இடைவெளியில் பிளைவுட் வாங்கப் போனேன். மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்ற தரம் உண்டு. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தும் ஏடு பிரியக் கூடாது என்பது அதில் ஒரு சோதனை. வீட்டு அலமாரிக்குப் போகும் ஐ.எஸ். 303 வேறு ரகம். ஒரு கடையில் 710 என்று சொல்லி, முத்திரை தெளிவில்லாத பலகையை எடுத்துப் போட்டார்கள். ஓரத்தைப் பார்த்தால் நடு ஏடுகளுக்கிடையில் பென்சில் நுழைகிற இடைவெளி. வள்ளத்தில் அந்த இடைவெளிதான் தண்ணீர் ஓடும் வாய்க்கால். வேறு கடையில் வாங்கினேன். அதிலும் ஒரு துண்டை வெட்டி, கொல்லைப்புற அடுப்பில் அண்டாவில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்க விட்டேன். "என்னங்க, ரசமா வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி. ஏடு பிரியவில்லை.

ஒட்டுப் போட்டது எனக்குப் பிடித்த வேலை. பழைய பலகையின் விளிம்பையும் புதுத் துண்டின் விளிம்பையும் சரிவாகச் செதுக்கி ஒன்றன் மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். பலகையின் கனத்தைப்போல் எட்டு மடங்கு சரிவு இருந்தால் நல்ல பிடி. என்னுடையது 9 மில்லிமீட்டர், ஆகவே 72 மில்லிமீட்டர் சரிவு. பிளைவுட்டில் ஒரு வசதி, சரிவு சரியாக வருகிறதா என்று பலகையே சொல்லிவிடும். இழைப்புளி ஓட ஓட ஒவ்வொரு ஏடும் வெளியே வந்து, பசைக் கோடுகள் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். கோடுகள் நேராக, சம இடைவெளியில் போனால் சரிவு சரி. ஒரு கோடு வளைந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அளவுகோல் எடுக்கவே தேவையில்லை.

ரெசினுக்கு எபாக்ஸி. எல்.ஒய். 556 ரெசின் 100 கிராமுக்கு எச்.ஒய். 951 ஹார்டனர் 10 கிராம், எடைபோட்டுத்தான் கலக்க வேண்டும், கண்மதிப்பு கூடாது. நம்மூர்ச் சூட்டில் இது டம்ளரில் இருந்தால் தானே சூடேறிப் புகையக்கூட ஆரம்பித்துவிடும். கலந்ததும் தட்டையான டிரேயில் பரப்பிவிட்டால் நிதானமாக வேலை பார்க்கலாம். பூசுகிற நேரமும் முக்கியம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, ரெசினில் கொப்புளம் கொப்புளமாக வரும். பிற்பகல் தாண்டி, மரம் குளிரத் தொடங்கும்போது பூசினால் மரமே ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும், பனி இறங்கக் கூடாது.

துளைகளுக்குச் செய்தது இது. 6 மில்லிமீட்டர் திருகாணி போகிற இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, அடியில் டேப் ஒட்டி, முதலில் தண்ணியான எபாக்ஸியைத் தடவி, பிறகு சிலிக்கா பவுடர் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பினேன். இறுகியதும் அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் துளை. இனி திருகாணி ஓரமாகத் தண்ணீர் இறங்கினாலும் அது எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. எல்லாத் துளைக்கும் இதைச் செய்வது பொறுமையைச் சோதிக்கிற வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் மேலே எத்தனை அடுக்கு ஃபைபர் போட்டாலும் வீண்.

ஃபைபர் போடுகிற அன்று, வள்ளம் கட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். நான் விரித்து வைத்திருந்த, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடியிழைத் துணியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"தம்பி, இது என்ன வேட்டி மாதிரி இருக்கு? மேட்டு போடாம தட்டு நிக்குமா?"

"அண்ணாச்சி, எபாக்ஸியில மேட்டு சரியா ஊறாது. அதான் துணி."

"நாங்க காலங்காலமா மேட்டுதான் போடுதோம்."

அவர் சொன்னதும் அவருடைய ரெசினுக்குச் சரிதான். மேட்டு என்பது வெட்டிய கண்ணாடியிழைகளைப் பாய்போல் பரப்பிப் பசையால் ஒட்டியது. அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் வழக்கமான மேட்டு வெள்ளையாக, விறைப்பாகவே நிற்கும். ஒரு சின்னத் துண்டை இரண்டிலும் நனைத்துக் காட்டினேன். "சரி, செய்யி" என்று சொல்லிவிட்டு, ரோலர் தள்ளும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார். அது அருமையான யோசனை, காற்று ஒரு இடத்திலும் தங்கவில்லை. துணி நனைந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய், கீழே மரத்தின் ரேகை தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் ரெசின் பற்றவில்லை.

மறுநாள் மேலே மெழுகு தடவினாற்போல் ஒரு பிசுபிசுப்பு இருந்தது. இந்த ஹார்டனர் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து விடும் படலம் அது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் ஸ்காட்ச் பிரைட்டும் போதும். கழுவாமல் மணல்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், பெயின்டும் உரியும்.

எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, மஞ்சளாகிப் பொடி கிளம்பும். அதனால் பிரைமர் அடித்து, மேலே இரண்டு டப்பாச் சரக்கைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் அடித்தேன். நிறம் வெளிர் சாம்பல். கரும்பச்சை அழகாக இருக்கும், ஆனால் மதியத்தில் அதன் மேல் வெறுங்காலை வைக்க முடியாது.

வழுக்காமல் இருக்க மணல் தூவ வேண்டும். மணவாளக்குறிச்சிக் கரை மணலை அள்ளி வரலாமே என்றான் நண்பன். தோரியம் கலந்த தரையில் நின்று மீன்பிடித்த பெருமை எனக்கு வேண்டாம் என்றேன். விளையாட்டுப் பேச்சு ஒருபக்கம் இருக்கட்டும், கடல்மணலில் உப்பு இருக்கும். பெயின்டுக்கு அடியில் உப்பு மாட்டினால் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். தண்ணீர் வடிகட்டிகளில் போடும் சிலிக்கா மணலை நன்றாக அலசிக் காயவைத்து, ஈரப் பெயின்டின் மேல் சல்லடையால் தாராளமாகத் தூவினேன். இறுகியதும் ஒட்டாததைப் பெருக்கித் தள்ளிவிட்டு, மேலே இன்னொரு கை பெயின்ட். மூடியின் ஓரத்திலும் கயிற்றுக்கட்டை உட்காரும் இடத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மணல் விழாமல் பார்த்துக்கொண்டேன். சொரசொரப்பான இடத்தில் எதைப் பூட்டினாலும் அடியில் தண்ணீர் புகும்.

இப்போது கயிற்றுக்கட்டை ஏறிவிட்டது, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில், அடியில் அகலத் தகடு வைத்து. மூடியின் கீல் பாக்கி. பழைய கீல் பித்தளை, தேய்த்தால் திரும்பப் போடலாம் போலிருக்கிறது. இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் அதையும் முடித்துவிட்டு, முதல் மழையில் மூடியைத் திறந்து டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.