வெர்வெட் குட்டியை வளர்க்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதி மாமரங்களுக்கு வரும் வெர்வெட் குரங்கின் குட்டிக்கு முகம் இளஞ்சிவப்பு, மயிர் கருமை. பார்த்தவுடன் அள்ளத் தோன்றும். வேண்டாம். 4, 5 வயதில் ஆண் முதிர்ந்து, நீண்ட கோரைப்பல்லோடு வீட்டில் யார் பெரியவர் என்று சோதிக்கும். பெரும்பாலும் சின்னப்பிள்ளைதான் கடிபடும். காட்டில் அந்த வயதில் ஆண் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய்விடும். கூண்டில் போக்கிடம் ஏது? கையில் வளர்ந்ததைத் திரும்பக் கூட்டத்தில் சேர்ப்பதும் கடினம். பாவம் அது. அனுமதியின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

குட்டி தனியாகக் கிடந்தால் முதலில் தாய் அருகில் இருக்கிறதா என்று விலகி நின்று பாருங்கள். இல்லையென்றால் துண்டால் போர்த்தி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வெதுவெதுப்பாக வையுங்கள். பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வரும். உடனே வனவிலங்கு மீட்பாளரை அழையுங்கள்.