கம்பு என்று நினைத்து வாங்கியது

மளிகைக் கடையில் தனியாக நின்று சிரித்தேன். பின்லாந்தின் தம்பெரே நகரம், நவம்பர் கடைசி, மணி நாலுதான், வெளியே நம்மூர் ராத்திரி எட்டு மணி இருட்டு. பியர் அடுக்கில் ஒரு கறுப்பு பாட்டில் இருந்தது, லேபிளில் இருந்த பின்னிஷ் வார்த்தை புரியாமல் போனைக் காட்டினேன், அது யோசிக்காமல் ‘இருண்ட கம்பு’ என்று தமிழில் போட்டது. கம்பங்கூழும் மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் கண்முன் வந்து நிற்க, பொத்துக்கொண்டு வந்துவிட்டது சிரிப்பு. பக்கத்தில் நின்ற பாட்டி இரண்டடி தள்ளிப் போனார். இந்த ஊரில் சும்மாவே இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள், அதனால் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

(தம்பெரே என்பதை அம்மா ஆறு வருஷமாகத் தாம்பரம் என்றுதான் சொல்கிறாள். ஏற்காட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் சென்னையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் பொங்கலுக்குக்கூட வருவதில்லை என்று அவர்களுக்கு என்மேல் கோபம்.)

சரி, அது கம்பு இல்லை. ரை என்கிற தானியம், இவர்கள் வாயில் ருயிஸ். இலையுதிர் காலத்தில் விதைத்தால் குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்து, அடுத்த ஆகஸ்ட் வாக்கில் அறுவடைக்கு வரும். கம்பு வெயிலைத் தாங்கும், இது பனியைத் தாங்கும், ரெண்டும் இல்லாதப்பட்டவர் வீட்டுச் சாப்பாடு என்ற வகையில் பங்காளிகள்தான். 2017இல் சுதந்திர நூற்றாண்டுக்காகத் தேசிய உணவு எது என்று ஓட்டுப் போட்டபோது ரை ரொட்டிதான் ஜெயித்தது. அந்தக் காலத்தில் நடுவில் ஓட்டை போட்டுச் சுட்டு, கழியில் கோத்து, கூரைக்கடியில் தொங்கவிட்டு மாசக்கணக்கில் சாப்பிடுவார்களாம். முதல் வருஷம் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இப்போது தினமும் காலையில் வெண்ணெய் தடவி அதுதான். ஊரோடு ஒத்துப்போய்விட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த ரொட்டியைத்தான் சாட்சிக்கு இழுப்பேன்.

ஒத்துப்போகாதது காப்பி. ஆளுக்கு வருஷம் 12 கிலோ அளவுக்குக் காப்பிக்கொட்டையைத் தீர்க்கிற நாடு இது, உலகத்திலேயே முன்வரிசை. வேலை ஒப்பந்தத்திலேயே காப்பி இடைவேளை எழுதியிருக்கும். சேர்வராயன் மலைக்காரனுக்கு வேறென்ன வேண்டும் என்று முதல் நாள் கோப்பையை எடுத்தால் அடியில் போட்டிருந்த பூ தெரிகிறது. கொட்டையைச் சும்மா வெயிலில் காட்டி எடுத்த மாதிரி வெளிர் வறுவல், வாயில் புளிப்பு, மூக்குக்கு ஒன்றுமே இல்லை. சிக்கரி என்றால் ஏதோ கீரை என்கிறார்கள். கரண்ட் பில், வரி, மைனஸ் 25 குளிர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், இதை மன்னிக்க முடியவில்லை. இத்தனை காப்பி குடிக்கிற ஊரில் ஒரு வீட்டு வாசலில்கூடக் காப்பி மணக்காது என்றால் அது என்ன நியாயம்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடி டம்ளர் எல்லாம் கழுவாமல் கிடந்தது. வாங்கி வந்த ரை பியரை, அடியில் சேலம் ஸ்டீல் என்று குத்திய எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றினேன். மசி மாதிரி கறுப்பு, மேலே பழுப்பு நுரை. பிரிஜ்ஜிலிருந்து எடுத்த ஜில்லோடு ஒரு மடக்கு. கரியைக் கரைத்த ஐஸ் தண்ணீர். காசு போச்சு என்று மேஜையில் வைத்துவிட்டு, எங்கள் குடியிருப்பின் பொது சலவை அறையில் எனக்கு எழுதிவைத்திருந்த நேரம் வந்துவிட்டதால் துணியை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினேன். டம்ளரைக் கழுவலாம் என்று எடுத்தபோது வாசனை வந்தது.

அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். பறிப்பு மும்முரமாக இருக்கிற மார்கழி, தையில் பழத்தோலை உரிக்கிற பல்பர் மெஷின் ஓடும், காப்பிப் பழத்தோல் குவிந்து புளிக்கும், அந்த வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கதையை அப்பா தன் தாத்தா செய்த காரியம் மாதிரி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரும்புச் சட்டியில் வீட்டுக்கான கொட்டையை அவரே வறுப்பார். முதல் தடவை படபடவென்று வெடித்ததும் அம்மா உள்ளேயிருந்து, “போதுங்க, கருகுது” என்பாள். “இரு, ரெண்டாவது வெடி கேக்கட்டும்” என்பார் அப்பா. ரெண்டாவது வெடி லேசாக, ஈரச் சுள்ளி முறிகிற மாதிரி கேட்கும். அப்போது எழும்புகிற புகை ஜன்னல் வழியாகப் போய், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அந்தப் புகை இந்த டம்ளருக்குள் இருந்தது.

இந்த முறை மெதுவாகக் குடித்தேன். முதலில் கடும் டிகாக்‌ஷன். அதற்குப் பின்னால், ஓமலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் பாகு அடிப்பிடித்தால் வருமே, அந்த வாடை. இனிப்பு என்று நாக்கு நம்புவதற்குள் கசப்பு வந்துவிடுகிறது. தொண்டைக்குப் போகிற வழியில் மிளகு மாதிரி ஒரு சுருக், அதுதான் ரையின் வேலையாம். எல்லாவற்றையும்விட அதன் வழவழப்பு. தண்ணீராக ஓடாமல் நீர்க்கக் கரைத்த கூழ் மாதிரி நாக்கில் படிந்து இறங்குகிறது. போன் சொன்னது முழுப்பொய் இல்லை போலிருக்கிறது.

அந்த வழவழப்பின் காரணத்தை ஆபீசில் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். பார்லிக்கு உமி உண்டு, அதுவே வடிகட்டி மாதிரி சாறை வடியவிடும், ரைக்குக் கதிரடிக்கும்போதே உமி உதிர்ந்துவிடும், வெந்நீரில் ஊறினால் பசை மாதிரி பிடித்துக்கொண்டு சாறு வடியவே வடியாதாம். அந்தக் காலத்தில் மரத் தொட்டியில் வைக்கோலும் ஜூனிப்பர் என்கிற ஊசியிலைச் செடியின் கிளையும் பரப்பி வடித்தார்களாம். இவர் என்ன செய்கிறார் தெரியுமா? நெல் உமியைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கிக் கலக்கிறார். நம் பக்கம் ரைஸ் மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும், செங்கல் சூளைக்கு அள்ளிப் போவார்கள். அதை இங்கே தராசில் நிறுத்து விற்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் எதற்காக வாங்குகிறார்கள் என்று கேட்பாரே.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. சென்னை மாகாணத்திலேயே மதுவிலக்கு முதலில் வந்த ஜில்லா சேலம்தான், 1937 அக்டோபர் 1. ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, மாகாண ஆட்சி கைக்கு வந்ததும் சொந்த ஜில்லாவிலிருந்தே ஆரம்பித்தார். அரசாங்கம் அப்புறம் எடுத்தது, போட்டது, மறுபடி எடுத்தது. எங்கள் வீட்டில் 1937இல் வந்தது இன்னும் எடுக்கவில்லை. இங்கேயும் 1919 முதல் 1932 வரை விலக்கு இருந்திருக்கிறது. அது முடிந்து அரசுக் கடை திறந்தது 1932 ஏப்ரல் 5, காலை 10 மணி. நாள், மாதம், வருஷம், மணி என்று வரிசையாக எழுதினால் 5-4-32-10. குடிக்கிற விஷயத்தில்கூடக் கணக்குச் சுத்தம்.

போன ஞாயிறு ராத்திரி எனக்கு ஆறு மணி, அவர்களுக்கு ஒன்பதரை. வேண்டுமென்றே அதே எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஆறவிட்டு, ஆமாம், சூடேறவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வீடியோவில் அம்மா.

“என்ன கண்ணு, இந்நேரத்துக்குக் காப்பி? தூக்கம் கெட்டுப்போவும்.”

“கொஞ்சந்தாம்மா.”

“நுரை நல்லா கட்டியிருக்கே. டிகாக்‌ஷன் அங்கயே போட்டதா?” என்று சந்தோஷப்பட்டு, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தப் போனாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். டம்ளரைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன்.

“ரெண்டாவது வெடி தாண்டி வறுத்திருக்காங்க,” என்றார். “ஆவியே காணோமே.”

நான் பேசவில்லை. அவர் திரும்பி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “என்ன கொட்டை தம்பி அது?” என்றார்.

“கம்புப்பா,” என்றேன்.