குளிர்ந்த நீர் கொடுப்பவள்

பண்டைய எகிப்தின் பெண் தெய்வமான கெபெகுத்தைக் கும்பிட வேண்டுமென்றால் போக ஒரு கோயில் இல்லை. இறந்தவர்களைக் காக்கும் தெய்வமான அனுபிஸின் மகள் அவள். இறந்தவர்களுக்குக் குளிர்ந்த நீர் வார்த்து, தூய்மை செய்து, எழுப்பி அனுப்புகிறவள். பெயரிலேயே குளிர்ந்த நீர் இருக்கிறது. முதலாம் பெப்பி மன்னரின் பிரமிடுக்குள் சுவரில் செதுக்கிய மந்திரங்களில், நான்கு குடங்களோடு எதிரே வருகிற அவள், இறந்தவர் விழித்தெழும் நாளில் நெஞ்சைக் குளிர்விக்கிறாள். என் தாயாரின் கடைசி இரண்டு நாள்களும் ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த வரியைப் படித்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை.

கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில், உனாஸ் மன்னரின் பிரமிடுக்குப் போனேன். வெளியே வெறும் கற்குவியல். வடக்கு வாசலில் முதுகை வளைத்துச் சரிவில் இறங்கி, முன்னறையில் நிமிர்ந்தபோது கண்கள் நிறைந்துவிட்டன. கூரையெங்கும் நட்சத்திரங்கள். சுவர்களில் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாகச் செதுக்கிய எழுத்துகள். செதுக்கிய பள்ளங்களில் 4,300 ஆண்டுகளாக நீலம் தங்கியிருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஒரு விரலளவு தள்ளி முகத்தை வைத்துப் பார்த்தேன். தொடவில்லை.

உள்ளே, சவப்பெட்டி இருக்கும் அறையின் வடசுவரில் நீர் வார்க்கும் மந்திரம் உண்டு: “இது உன் குளிர்ந்த நீர்.” ஆனால் என்னை நிறுத்தியது முன்னறையின் வடசுவர்தான். “அனுபிஸின் மகளே, வானத்துச் சாளரங்களில் நிற்பவளே, உனாஸுக்கு வழி விடு” என்று வேண்டும் மந்திரம் அங்கே இருக்கிறது. பெயர் சொல்லவில்லை. கெபெகுத் என்றே நான் கைகூப்பினேன். நாம் நுழைகிற, திரும்பிப் போகிற வாசல் அதே சுவரில்தான் இருக்கிறது. வழி கேட்கும் மந்திரத்தைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. திரும்பும் வழியில் ஒரு கிராமத்து மரத்தடியில் மண்பானை, மேலே தகரக் குவளை. எகிப்தில் இறந்தவர் பெயரால் இப்படித் தண்ணீர் வைப்பது வழக்கம். இதை வைத்தவர் தன் தந்தைக்காக வைத்திருக்கிறார் என்றார் கார் ஓட்டுநர். பானையின் வெளிப்புறம் கசிந்து ஈரமாக இருந்தது. இரண்டு குவளை குடித்தேன். மூன்றாவதை மொண்டு, அம்மாவின் பெயரைச் சொல்லி, அந்த மரத்தின் வேரில் ஊற்றினேன்.