உலையில் பிறந்த நீலம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் பழைய இரும்புக் கேற்றைச் சுரண்டியபோது உதிர்ந்த மஞ்சள் தூள், முற்றத்தில் விளையாடிய மகளின் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. உடனே கிணற்றடிக்குத் தூக்கிச் சென்று கழுவினேன். பழைய மஞ்சள் பூச்சுகளில் ஈயக் குரோமேற்று இருக்கக்கூடும். ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

நஞ்சற்ற நிறப்பொருள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், சென்னையில் பிறந்த இரசாயனவியலாளர் மாஸ் சுப்பிரமணியன். 2009இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர், மின்னணுவியலுக்குப் பயன்படும் பொருளொன்றைத் தேடி, இற்றியம், இண்டியம், மங்கனீசு ஆகிய உலோகங்களின் ஒட்சைட்டுகளைக் கலந்து ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் சுட்டபோது, எவரும் எதிர்பாராத ஒளிர்நீலம் உலையிலிருந்து வெளிவந்தது. ஐந்து ஒட்சிசன் அணுக்களின் நடுவே அமர்ந்த மங்கனீசு, சிவப்பையும் பச்சையையும் உறிஞ்சிக்கொள்வதால் நீலமே நம் கண்ணை வந்தடைகிறது. அகச்சிவப்புக் கதிர்களையும் அது திருப்பியனுப்புவதால், வன்னி வெயிலில் கொதிக்கும் தகரக் கூரைகளுக்கு இதைப் பூச வேண்டும் என்ற ஆசை எனக்குண்டு. ஆனால் இண்டியத்தின் விலை மிக அதிகம்.

நமது செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் இரும்பு ஒட்சைட்டு அப்படியன்று, மலிவானது, நஞ்சற்றது. கேற்றுக்கு, ஈயம் சேர்க்கப்படவில்லை எனப் பேணியில் அச்சிட்டிருந்த காவிநிறப் பூச்சையே வாங்கினேன்.