ஸ்டிக்கரை விடுங்கள், மரையைப் பாருங்கள்: பழைய ஸ்டீல் ரோடு பைக்கை இனம் காண்பது எப்படி

பழைய ரேஸ் சைக்கிள் விற்பவர் முதலில் காட்டுவது சீட்டுக்குக் கீழே இறங்கும் சீட் டியூபில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான். உயர்தர ஸ்டீல் குழாயின் பெயரான 'ரெனால்ட்ஸ் 531' ஸ்டிக்கர் இன்றைக்கும் புதிதாக அச்சாகி விற்பனைக்கு வருகிறது. பெயின்ட் மாற்றி அடித்த ஃபிரேமில் யார் வேண்டுமானாலும் எதையும் ஒட்டலாம். ஸ்டிக்கர் அசலாகவே இருந்தாலும் கடைசி வரி வரை படியுங்கள். மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் 531 என்று போட்டிருந்தால், ஃபோர்க்கும் பின்பக்கத் தண்டுகளும் சாதாரண இரும்பாகத்தான் இருக்கும்.

531 என்பது 1935இல் வந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் கலந்த ஸ்டீல். தயாரித்த பர்மிங்ஹாம் ரெனால்ட்ஸ், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக் கம்பெனி. நம் ஊர் டிஐ சைக்கிள்ஸின் 'டிஐ'யும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான்; 1949இல் முருகப்பா குழுமம் அவர்களோடு சேர்ந்து தொடங்கியது. 1980 டூர் டி பிரான்ஸை யூப் சூட்டமெல்க் ஜெயித்தாரே, அந்த டிஐ-ராலே அணியின் டிஐயும் அதுவே. அதற்காக அப்பாவின் ஹெர்குலிஸில் 531 தேட வேண்டாம்!

ஸ்டிக்கரை நம்பாமல் ஃபிரேமை அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு ஓடும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 70 மி.மீ. என்றால் அநேகமாக இத்தாலியன். 68 என்றால் இங்கிலீஷாகவோ பிரெஞ்சாகவோ இருக்கலாம். ஜப்பான் சைக்கிள்களும் இங்கிலீஷ் மரைதான். கூட்டின் இருபக்கமும் திருகி ஏற்றிய, பால்ரஸைத் தாங்கும் கப்பின் முகத்தில் மரை அளவைப் பெரும்பாலும் பொறித்திருப்பார்கள்: 36x24 இத்தாலியன், 1.37x24 இங்கிலீஷ், 35x1 பிரெஞ்சு.

இது வெறும் ஊர் கண்டுபிடிக்கும் விளையாட்டு இல்லை. இங்கிலீஷில் வலப்பக்கக் கப்பு இடமரை, அதாவது கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் இரண்டு பக்கமும் வலமரை. தெரியாமல் தப்பான பக்கம் பைப் போட்டு நெம்பினால் கூட்டின் மரை போய்விடும். பெடல் மிதிக்கும்போது பால்ரஸ் உருளும் உருளலே கப்பை எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். அதனால்தான் இத்தாலியன் ஃபிரேமில் வலக்கப்பு தானாகக் கழன்று வருகிறது. மரையைச் சுத்தமாகத் துடைத்து, நடுத்தர வலிமையுள்ள லாக்டைட் (மரைப் பசை) போட்டு, நன்றாக இறுக்குவதுதான் மருந்து.

அடுத்து சீட்போஸ்ட். வெளிவிட்டம் 28.6 மி.மீ. உள்ள சீட் டியூபில் 27.2 போஸ்ட் போகிறது என்றால் குழாய் மெல்லியது: 531 டபுள் பட்டட் (முனைகள் தடித்து நடுவில் மெலிந்த குழாய்), இத்தாலியக் குழாயான கொலம்பஸ் எஸ்எல் இரண்டும் இந்த வகை. 26க்குக் கீழே இறங்கினால் குழாயின் சுவர் தடிப்பு. 'டாப் மாடல்' என்று சொல்லப்படும் விலையைக் குறைத்துப் பேசலாம். பிரெஞ்சு ஃபிரேமுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் குழாயே 28 மி.மீ. என்பதால் நல்ல 531இலும் 26.4 போஸ்ட்தான் போகும். கொலம்பஸ் என்று சொன்னால் ஃபோர்க்கைக் கழற்றித் தண்டின் அடிப்பக்கம் உள்ளே டார்ச் அடியுங்கள். சுருளாக ஓடும் ஐந்து வரிகள் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

காலத்தைக் கணிக்க, பின்சக்கரம் உட்காரும் இரு பக்கங்களுக்கும் நடுவிலான இடைவெளி உதவும். 120 மி.மீ. ஐந்து கியர் காலம், 126 ஆறு-ஏழு கியர், 130 எட்டும் அதற்கு மேலும். கேபிள்கள் தனிப் பட்டைகளால் மேல்குழாயான டாப் டியூபில் கட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் எழுபதுகள் அல்லது அதற்கு முன். பற்றவைத்த கொக்கிகளும் இரண்டு பாட்டிலுக்கான மரைகளும் இருந்தால் எண்பதுகள்.

ஆண்டை இன்னும் நெருக்கமாகச் சொல்பவை பாகங்கள். ஷிமானோ உதிரிகளின் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆண்டு, 1976க்கு 'ஏ'. இரண்டாவது மாதம், ஜனவரிக்கு 'ஏ'. ஆக 'ஐஎஃப்' என்றால் 1984 ஜூன். 2002இல் மறுபடி 'ஏ' தொடங்குவதால் பாகத்தின் தோற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுபதுகளின் இத்தாலிய காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட் டெரெய்லரில் (செயினை கியர் மாற்றும் பாகம்) பேட்டன்ட் என்பதற்குப் பின் இரண்டிலக்க எண் இருக்கும். 74 என்றால் ஏறத்தாழ 1974. கிராங்க், ஹப், டெரெய்லர் மூன்றும் ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்தில் இருந்தால் சைக்கிள் கலையாமல் இருக்கிறது. ஒன்று மட்டும் பத்து வருஷம் தள்ளி நின்றால் அது பின்னால் மாட்டியது. ஓட்டுவதற்கு அதனால் குறையில்லை, விலைக்குத்தான் குறை.

வாங்கும் முன் மூன்று இடங்களைச் சோதியுங்கள். முதலில் விரலால் தடவ வேண்டியது: டாப் டியூபும் அதன் கீழே சாய்ந்து இறங்கும் டவுன் டியூபும் முன்பக்க ஹெட் டியூபில் சேரும் லக்கிலிருந்து (இணைப்பு உறை) இரண்டு மூன்று அங்குலம் பின்னால், அடிப்பக்கம். அங்கே மெல்லிய அலை தட்டுப்பட்டால் முன்னால் மோதி அடிபட்ட வண்டி. புது பெயின்ட் அதைக் கண்ணிலிருந்து மறைக்கும், விரலிலிருந்து மறைக்காது. அடுத்தது காம்பன்யோலோ ரெக்கார்ட் கிராங்க். வலக்கிராங்கும் அதை ஒட்டிய ஐங்கரமும் சேரும் குழிவில் முடி மாதிரி விரிசல் விழுவது பிரசித்தம். மூன்றாவது, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம். அது பிரெஞ்சு ஏவிஏ என்றால் யோசிக்காமல் கழற்றி எறியுங்கள், விரிசல் இல்லாவிட்டாலும்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூல் போதும். பின்சக்கர அச்சு உட்காரும் ட்ராப்அவுட் ஒன்றில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு ட்ராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் இடையே இருபக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு மி.மீ. வித்தியாசத்தோடு ஓட்டலாம். அதற்கு மேல் போனால் ஸ்டீல் ஃபிரேமை வளைத்து நேராக்க முடியும். ரெனால்ட்ஸ் 753 மட்டும் விதிவிலக்கு. வெப்பப் பதம் ஏற்றிய குழாய், அதை வளைக்கக் கூடாது.

கழற்றும் வேலையில் அதிகம் பாழாவது கிராங்க் மரைதான். கிராங்கை இழுத்துக் கழற்றும் வழக்கமான புல்லர் 22 மி.மீ. ஆனால் பிரெஞ்சுக் கம்பெனிகளான ஸ்ட்ராங்லைட்டின் பழைய கிராங்குக்கு 23.35, டிஏவுக்கு 23. சின்னதை வைத்து இழுத்தால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். அலுமினிய சீட்போஸ்ட் ஸ்டீல் குழாயில் இறுகிப் போயிருந்தால் போல்ட்டை எடுத்துவிட்டு, ஊடுருவும் எண்ணெயை மேலிருந்தும், ஃபிரேமைக் கவிழ்த்து அடியிலிருந்தும் விட்டு நாலைந்து நாள் வையுங்கள். பிறகு போஸ்ட்டின் தலையை பெஞ்ச் வைஸில் பிடித்து, ஃபிரேமையே திருப்ப வேண்டும். புதிதாகப் போடும்போது கிரீஸ் தடவினால் அடுத்தவர் உங்களைத் திட்டமாட்டார்.

ஓட்டும்போது பழக வேண்டியது கியர் மாற்றும் டவுன் டியூப் லீவர். 'க்ளிக்' சத்தம் கிடையாது. மேட்டில் மூச்சு வாங்கிய பிறகு மாற்றினால் செயின் கரகரக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே, பெடல் அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு, லீவரை இழுத்து, சத்தம் அடங்கும்வரை கொஞ்சம் பின்னால் விடுங்கள். அக்காலத்து 52-42 செயின்ரிங்கும் 13-24 ஃப்ரீவீலும் மலைப்பாதையில் முழங்காலைக் கேட்கும். காம்பன்யோலோவின் 144 மி.மீ. போல்ட் வட்டம் (செயின்ரிங் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) உள்ள கிராங்கில் 41 பல்லுக்குக் கீழே சின்ன ரிங் மாட்ட முடியாது. எனவே பின்னால் 28 பல் ஃப்ரீவீல் தேடுவதே வழி. வாங்கும் முன் டெரெய்லர் அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

டயர் வாங்கும்போது ரிம்மைப் பார்த்து வாங்குங்கள். 27 அங்குல ரிம் 630 மி.மீ., 700சி 622. ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. குரோம் பூசிய ஸ்டீல் ரிம் இருந்தால் மழையில் பிரேக் பிடிக்காது. அலுமினிய ரிம்முக்கு மாறுவதுதான் முதல் செலவாக இருக்கட்டும், பெயின்ட் அப்புறம்.